கொடிக்கு நம்பர் போடுவதில்லை

லாண்டரி வைத்திருப்பவனுக்கு ஊராரின் ரகசியத்தில் பாதி தெரியும்; மீதிப் பாதி கறையாக வந்து சேரும், அதையும் அவன்தான் எடுக்க வேண்டும்.

பெங்களூர் பிரேசர் டவுனில் முப்பத்தோரு வருஷமாக, ‘அந்தோணி லாண்டரி’ என்று என் பெயரிலேயே கடை நடத்துகிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களுக்கு, அது தையல் கடையோ மருந்துக் கடையோ ஜெராக்ஸ் கடையோ, நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். நாம் செய்கிற வேலை கொஞ்சம்தான். ஏன் இன்னும் ஆகவில்லை, ஏன் இப்படி ஆனது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் முழுநேர வேலை.

எங்கள் தொழிலில் துணி வந்ததும் முதலில் நம்பர் போட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர். சட்டை என்றால் காலருக்குள், புடவை என்றால் ஓர மடிப்பில், கறுப்பு மையில் பொடியாக எழுதிவிடுவோம். நூறு வீட்டுத் துணி ஒரே நாளில் ஊறினாலும் எது யாருடையது என்று பிரித்துக் கொடுப்பது அந்த நம்பர்தான். அந்த மை லேசில் போகாது. ‘துணி கிழிந்தாலும் நம்பர் அழியாது’ என்று கடை போர்டிலேயே பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பெருமை ஒருநாள் என் தலையிலேயே விடிந்தது.

வருஷத்துக்கு இரண்டு தடவை, ஆகஸ்ட்டிலும் ஜனவரியிலும், தேசியக் கொடிகள் வரும். பள்ளிக்கூடக் கொடி, ஆபீஸ் கொடி, அபார்ட்மெண்ட் கொடி. கொடிக்கு மட்டும் என் கடையில் தனிச் சட்டம். மற்றத் துணியோடு ஊறாது, தரையில் படாது, மெஷினுக்குள் போகாது. முக்கியமாக, கொடிக்கு நம்பர் போடுவதில்லை. ஒரு வெள்ளைத் தலையணை உறையில் நம்பரைப் போட்டு, கொடியை அதற்குள் வைத்துவிடுவோம். இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். மீறியவனும் நான்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மற்றவர்கள் செய்ததைச் சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

மஞ்சள் கறை

பக்கத்துத் தெரு அபார்ட்மெண்ட் சங்கத்தின் செயலாளர் பிரபாகர். வேலூரிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நல்ல மனுஷர், ஆனால் எதையும் கடைசி நிமிஷத்தில்தான் செய்வார். ஓர் ஆகஸ்ட் பதினாலாம் தேதி சாயங்காலம் பெரிய பிளாஸ்டிக் பையோடு வந்தார். பைக்குள் ஜன்னல் திரை இரண்டு, சமையல் துண்டு நாலு, எல்லாவற்றுக்கும் அடியில் கொடி. ஜனவரியில் இறக்கியதை அன்றைய விருந்துச் சாமான்களோடு சேர்த்து அலமாரியில் திணித்திருக்கிறார்கள். வெள்ளைப் பட்டையில், சக்கரத்தை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. சாம்பார் என்று என் அனுபவம் சொன்னது.

மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. மறுநாள் காலை ஏழரைக்குக் கொடி ஏற்றப் போகிறவர் முந்தின நாள் இருட்டுகிற நேரத்தில் வந்து நின்றால் நான் வெயிலுக்கு எங்கே போவேன்? எனக்குக் கோபம் வந்துவிட்டது. கொடியை எப்படி வைக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும், துண்டோடு சேர்த்து வைக்கலாமா என்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தேன். இரண்டு வாடிக்கையாளர்கள் நின்று கேட்டார்கள், அதனால் இன்னும் ஐந்து நிமிஷம் நீட்டினேன். பிரபாகர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஒரு நாளைக்குத்தானே அண்ணா. மேல போயிட்டா யாருக்குத் தெரியும்?”

பாஷா பாயின் வெற்றிலை

என் கடையில் இஸ்திரி போடுவது பாஷா பாய். கடை திறந்த இரண்டாம் வருஷம் வந்தவர், என் வயதுதான். வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். பேசும்போது தலையைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டுதான் பேசுவார். கல்யாணப் பட்டுப் புடவையானாலும் அமைச்சர் வீட்டு வேட்டியானாலும் வெற்றிலையோடுதான் இஸ்திரி. இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு சிந்தியதில்லை.

ஆனால் கொடி வந்தால் மட்டும் பாய் வெளியே போய், துப்பி, இரண்டு தரம் வாய் கொப்பளித்து, கையைக் கழுவிவிட்டு வருவார். மேஜைமேல் புதுத் துணி விரிப்பார். இஸ்திரிப் பெட்டியின் அடியைத் துடைப்பார். பிறகுதான் கொடியைத் தொடுவார். இஸ்திரி போட்டு முடித்ததும் மடிப்பது என் வேலை. காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போக வேண்டும், பிறகு இரண்டு பக்கத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்தால் சக்கரம் மேலே வந்து உட்காரும். நாங்கள் இருவரும் பேசாமல் வேலை செய்கிற பத்து நிமிஷம் வருஷத்தில் அதுதான்.

ஒருமுறை ஒரு கல்லூரிப் பேராசிரியர் காத்திருக்கும்போது இதைப் பார்த்தார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, “பாருங்க சார், வருஷம் பூரா வெத்தலை, கொடின்னா மட்டும் வாயைக் கழுவிட்டு வருவாரு. அதான் மரியாதை” என்றேன். பேராசிரியர் கண் கலங்கிவிட்டார். பாஷா பாய் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீ வேற அண்ணே. நடுவுல அவ்ளோ அகலத்துக்கு வெள்ளை. ஒரு சொட்டு உழுந்தா நீயா புதுக் கொடி வாங்கித் தருவே?”

அப்பளம்

எங்கள் தெருவில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கும் கீர்த்தனா, ஈரோட்டுப் பெண். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி கேப் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்பும். போன வருஷம் ஆகஸ்ட் முதல் வாரம் கம்பெனிக் கொடியைக் கொண்டுவந்து வைத்தது. முந்தின வருஷம் காற்றே இல்லாமல் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியதாம். வெளிநாட்டு மேலதிகாரிக்குப் போன போட்டோவில் வெறும் கம்பமும் ஐம்பது பேரும்தான் தெரிந்தார்களாம். அதனால் கொடிக்குக் கஞ்சி போட்டுத் தர வேண்டும், காற்று இல்லாவிட்டாலும் விரிந்தே நிற்க வேண்டும் என்றது.

“அம்மா, கொடின்னா அசையணும். கஞ்சி போட்டா நிக்கும், பறக்காது” என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. எங்களுக்கு ஏது எதிர்ப்பு? கேட்டதைச் செய்வதுதான் தொழில். மைதாக் கஞ்சி இரண்டு கை, பாஷா பாயின் இஸ்திரி, கொடி தகடு மாதிரி ஆகிவிட்டது. மடித்தால் முறியுமோ என்று பயந்து, அட்டையில் வைத்துக் கொடுத்தேன்.

பதினாறாம் தேதி கீர்த்தனா நேரே கடைக்கு வந்தது. அன்று பார்த்து எலெக்ட்ரானிக் சிட்டியில் நல்ல காற்றாம். மேம்பாலத்து வண்டிச் சத்தத்தையும் மீறிக் கொடி படபடவென்று அடித்துக்கொண்டதாம், தேசிய கீதம் முடிகிற வரைக்கும். கோபித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். கீர்த்தனா செல்போனை நீட்டிப் படத்தைக் காட்டியது. “போட்டோவுல சூப்பரா வந்திருக்குங்கண்ணா. நேர்ல பார்த்தாத்தானுங்க அப்பளமாட்ட இருந்துச்சு.”

ரேட் கார்டில் இல்லாத பெயர்

அத்திபெலேயிலிருந்து தினமும் ஆட்டோ ஓட்டி வருகிற மஞ்சுநாத் எங்கள் தெரு முனையில்தான் சவாரிக்கு நிற்பார். தமிழும் கன்னடமும் அவருக்கு ஒரே மூச்சில் வரும். ஒருநாள் அவசரமாக வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் துணிக்கொடியை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். ஆட்டோவின் முன் கண்ணாடிக்கு உள்பக்கம் மாட்டியிருந்தது. ஓசூர் ரோட்டுப் புகையில் வெள்ளை சாம்பல் நிறமாகியிருந்தது. “தொலஞ்சு போச்சுன்னா புதுசு வாங்கலாம் அண்ணா. அழுக்கானா தூக்கிப் போட மனசு வரல. ஸ்வல்ப வாஷ் பண்ணிக் குடுங்க” என்றார்.

இதற்கென்ன, காசெல்லாம் வேண்டாம், நாளைக்கு வாங்க என்றேன். அவர் நகரவில்லை. பில் வேண்டும் என்றார். ஓசியில் துவைக்க வாங்கிய துணியைத்தான் லாண்டரிக்காரர்கள் முதலில் தொலைப்பார்களாம். சரி என்று பில் புத்தகத்தை எடுத்தேன். அதில் சட்டை, பேண்ட், புடவை, போர்வை என்று அச்சடித்திருக்கும், கொடி கிடையாது. அது இருந்த அளவைப் பார்த்து, ‘கைக்குட்டை 1’ என்று எழுதினேன். முப்பது வருஷமாகக் கொடிக்கு நான் எழுதி வந்ததே அப்படித்தான்: பெரிய கொடி என்றால் ‘போர்வை’, சின்னது என்றால் ‘கைக்குட்டை’. அதில் எனக்கு ஒரு தப்பும் தோன்றியதில்லை.

மஞ்சுநாத் பில்லைத் திருப்பிப் படித்தார். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், அதனால் நேரம் ஆனது. முகம் மாறியது. பில்லை என் பக்கமே தள்ளிவிட்டுச் சொன்னார்: “மூக்கு தொடைக்கிற துணியா அண்ணா இது? அதோட பேரை எழுதுங்க.”

பதினாறாம் தேதி

கொடி மேல் உனக்கு என்ன அப்படி ஒரு இது என்று என் மனைவி ரீத்தா கேட்பாள். நியாயமான கேள்விதான். நான் கோஷம் போடுகிறவன் இல்லை. ரோட்டுக் குழியையும் கரண்ட் பில்லையும் எல்லாரையும் போலத் திட்டுகிறவன்தான். தேசிய கீதத்துக்கு நிற்கும்போது முழங்கால் வலிக்கிறது என்பதும் உண்மை. ஆனாலும் நிழலில் கட்டிய கயிற்றில் கொடி காயும்போது அதைத் தாண்டிப் போகையில் என் குரல் தானாகத் தணிகிறது. யோசித்துப் பார்த்தேன். என் கடையில் கிடக்கிற ஒவ்வொரு துணியும் யாரோ ஒருவருடையது, யாருடையது என்று நம்பர் சொல்லிவிடும். நம்பர் இல்லாத ஒரே துணி இது. யாருடையது என்று கேட்டால் என் பெயரையும் சொல்லலாம். பிறத்தியார் துணியிலேயே ஆயுசு கழிகிற எனக்கு அது பெரிய சந்தோஷம்.

எங்கள் தெருவைப் பெருக்குகிற லக்ஷ்மம்மாவுக்கு ஆகஸ்ட் பதினாறு கஷ்டமான நாள். முந்தின நாள் நெஞ்சில் குத்திக்கொண்ட கொடியெல்லாம் அன்று சாக்கடை ஓரத்தில் கிடக்கும். அவர் அவற்றைக் குப்பையோடு கூட்டுவதில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனிப் பையில் போட்டு, என் கடைக்குக் கொண்டுவருவார். துணியில் இருப்பவற்றைத் துவைத்து வைப்பேன். கிழிந்ததையும் காகிதத்தையும் நானும் பாஷா பாயும் கடைக்குப் பின்னால் மரியாதையாக எரித்துவிடுவோம். ஏன் என்னிடம் கொண்டுவருகிறீர்கள் என்று முதல் வருஷம் கேட்டேன். “குப்பையில போட கை வரல, வீட்டுல வைக்க எடம் இல்ல. உங்க கடையில ஒரு ஓரம் இருக்கும்ல” என்றார்.

ஒரு காதில் போன்

இனி என் கதை. ஸ்டெல்லா டீச்சர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். அவர் கணவர் சகாயராஜ் ராணுவத்தில் ஹவில்தார். எட்டு வருஷத்துக்கு முன் மலைப்பாதையில் வண்டி சரிந்து போய்விட்டார். பெட்டி பிரேசர் டவுனுக்கு வந்தபோது நானும் சர்ச்சில் நின்றேன். பெட்டிமேல் கொடி போர்த்தியிருந்தது. கல்லறையில் இறக்குவதற்கு முன்னால் அதை எடுத்து, மடித்து, டீச்சர் கையில் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அந்தக் கொடியை யாரும் வெளியே பார்த்ததில்லை.

போன ஆகஸ்ட் கடைசியில் அடைமழை. டீச்சர் வீட்டுக் கூரை ஒழுகி, பீரோவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மூன்று புடவை, ஒரு போர்வை, கூடவே அந்தக் கொடி. வெள்ளைப் பட்டையின் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமை சகாயத்தின் வருஷ பூசை, அன்றைக்குக் கொடி வீட்டில் அவர் படத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். “நீங்க மட்டும் தொடுங்க அண்ணா. மெஷின் வேணாம். நம்பர் எதுவும் போட்டுடாதீங்க” என்றார். நான் கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன், “கொடிக்கு நம்பர் போடுறதில்ல டீச்சர். நம்ம கடையில சட்டமே அது” என்று.

அவர் போனதும் துணிகளை மேஜைமேல் வைத்து நம்பர் போட உட்கார்ந்தேன். டீச்சர் வீட்டு நம்பர் 214. அந்த நேரம் போன் அடித்தது. அபார்ட்மெண்ட் பிரபாகர். சுதந்திர தினத்துக்கு ஏற்றிய கொடியைத் துவைக்கக் கொடுத்துவிட்டு இரண்டு வாரமாக வந்து வாங்கவில்லை. இப்போது என்ன சொல்கிறார் என்றால், அதை ஜனவரி வரைக்கும் என் கடையிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமாம், அங்கே அலமாரியில் இடம் இல்லையாம். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கொடி என்றால் என்ன தெரியுமா, அதற்கு ஒரு முறை இருக்கிறது தெரியுமா என்று ஆரம்பித்தேன். ஒரு காதில் போன், வாயில் உபதேசம், கையில் பேனா. புடவை, புடவை, புடவை, போர்வை. கை அடுத்த துணிக்கு நகர்ந்து, ஓர மடிப்பைத் திருப்பி, பொடியாக எழுதி, பேனாவை மூடியது. மூடும்போதுதான் கீழே பார்த்தேன். பச்சைப் பட்டையின் மூலையில், என் கையெழுத்தில், அழகாக 214.

போனைக் கீழே வைத்ததுகூட நினைவில்லை. கொடியில் எழுதக்கூடாது என்பது சட்டம், அது ஊருக்கே தெரியும். அதைவிட, அந்த அம்மா வேறு எவரையும் தொடவிடாமல் எட்டு வருஷம் வைத்திருந்த துணி அது. அன்று முழுக்க எலுமிச்சை, உப்பு, சோடா என்று ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்துப் பார்த்தேன். மை அசையவில்லை. பச்சைதான் லேசாக வெளுக்கப் பார்த்தது, பயந்து நிறுத்திவிட்டேன். போர்டில் எழுதியிருந்த வாசகத்தை அன்றைக்கு ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கொடியை என் கையாலேயே வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டேன். பழுப்புக் கோடு தேடினால்தான் தெரிகிற அளவுக்கு மங்கிவிட்டது. நம்பர் மட்டும் அலசியதில் இன்னும் பளிச்சென்று ஆகியிருந்தது. பாஷா பாய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து இஸ்திரி போட்டார். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஓரத்தை அரை விரல் அகலம் உள்ளே மடித்து, பச்சை நூலால் ஒரு தையல் போட்டுவிட்டால் நம்பர் மறைந்துவிடும். டீச்சர் கொடியை ஏற்றப் போவதில்லை, மடித்தபடியே வைக்கப் போகிறவர். “மடிச்சுத் தச்சுட்டா யாருக்கு பாய் தெரியும்?” என்றேன். பாய் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். என்னைப் பார்க்காமல், கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்த அபார்ட்மெண்ட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு அண்ணே.”

இருநூற்றுப் பதினாலு

சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் வந்தார். புடவைகளையும் போர்வையையும் முதலில் கொடுத்தேன். பிறகு தலையணை உறையிலிருந்து கொடியை எடுத்து, மேஜைமேல் துணி விரித்து அதில் வைத்தேன். சக்கரம் மேலே வரும்படி நானே மடித்திருந்தேன். டீச்சர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “கோடு போயிடுச்சே” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வாங்கிக்கொண்டு போகட்டும், சொல்லாமல் விட்டுவிடு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. சொல்லாமல் விட்டால் இனி எந்தக் கொடியை எந்த முகத்தோடு தொடுவேன் என்றும் இருந்தது.

“டீச்சர், ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்று சொல்லி, மடிப்பைப் பிரித்துப் பச்சை மூலையைக் காட்டினேன். போனில் பேசியதையும் மறைக்கவில்லை, யாரிடம் என்ன பேசினேன் என்பதையும் மறைக்கவில்லை. புதுக் கொடி வாங்கித் தருகிறேன் என்று சொல்ல முடியாத இடம் அது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாஷா பாய் இஸ்திரியை நிறுத்திவிட்டார்.

டீச்சர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மூலையைக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“நம்பர் போடாதீங்கன்னு சொன்னேன்ல அண்ணா.”

“சொன்னீங்க டீச்சர்.”

“சட்டமே அதுன்னு நீங்களும் சொன்னீங்க.”

“சொன்னேன்.”

கட்டைவிரலால் அந்த நம்பரை ஒரு தரம் தடவினார். அழிகிறதா என்று பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தடவிய விதம் அப்படி இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் கத்திக்கொண்டு போனார்கள். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை.

“இது எங்க வீட்டு நம்பர்தானே?” என்று கேட்டார்.

“ஆமா டீச்சர். கல்யாணம் ஆகி நீங்க ரெண்டு பேரும் வந்தப்ப போட்டது.”

“லீவுல வந்தா போறதுக்கு முந்தி யூனிபார்ம் எல்லாம் உங்ககிட்டதான் குடுப்பாரு. துணி திரும்பி வந்ததும் காலரைத் திருப்பி எங்கிட்ட காட்டுவாரு. பட்டாளத்துல ஒரு நம்பர் குடுத்தாங்க, அந்தோணி ஒரு நம்பர் குடுத்தாரு, பட்டாளத்து நம்பர்ல எங்க வேணா அனுப்புவாங்க, அந்தோணி நம்பர் இருந்தா வீட்டுக்குத்தான் வரும்னு சொல்லுவாரு.”

கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் வைத்தார். கொடியை அவரே மடிக்கத் தொடங்கினார். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் தள்ளி, இரண்டு பக்கத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்தார். சக்கரம் மேலே வந்தது. நம்பர் உள்ளே போய்விட்டது. நான் பில்லை நீட்டினேன். அதில் ‘புடவை 3, போர்வை 1’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘தேசியக் கொடி 1’ என்று எழுதியிருந்தேன். மஞ்சுநாத் சொன்ன நாளிலிருந்து அப்படித்தான் எழுதுகிறேன். டீச்சர் அந்த வரியை வாசித்தார், பில்லையும் மடித்துக் கொடியோடு வைத்துக்கொண்டார். வாசற்படி வரைக்கும் போய்த் திரும்பினார்.

“இருக்கட்டும் அண்ணா. எங்க வீட்டுல அவர் துணி எதுவும் உங்க நம்பர் இல்லாம இல்ல. இது ஒண்ணுலதான் இல்லாம இருந்துச்சு. ஆனா இனிமே போன் பேசிக்கிட்டே வேலை செய்யாதீங்க.”

முப்பத்தோரு வருஷத்தில் சரியான இடத்தில் நான் போட்ட ஆயிரக்கணக்கான நம்பர்களுக்கு, காலர் அரிக்கிறது, மை தெரிகிறது என்று திட்டு வாங்கியதுதான் மிச்சம். போடக்கூடாத இடத்தில் போட்ட ஒரே ஒரு நம்பர்தான் இன்று ஒரு வீட்டில் படத்துக்கு முன்னால் பத்திரமாக இருக்கிறது.